பாக்கி அறுநூற்றைம்பது

கடைசி டோக்கன் போய்
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
அதன் கீழே குனிந்து நுழைந்தது
ஈரச்சாக்கு மூடிய ஒரு மீன் தொட்டி.
பின்னால் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ஜெபக்கனி.
அதற்கும் பின்னால்
ஐஸ் உருகி வழியும் சட்டையோடு
மீன் மார்க்கெட் முனிரத்தினம்:
"லோடுக்கு அடியில கெடந்துச்சு மேடம்.
சத்தியமா நான் கேக்கல."

பங்குனி ஆமை.
மாசியிலேயே வந்துவிட்டது,
காசிமேட்டிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர்,
கடலுக்கு நேர் எதிர்த் திசையில்.

எலும்பு உடைந்து இந்த ஊருக்கு வருகிறவர்களை
எனக்குத் தெரியும்.
இரண்டு ராத்திரி ரயிலில் படுத்து
பழைய படங்களை மஞ்சள் உறையில் அணைத்துக்கொண்டு
வருவார்கள்.
"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று
நாலு பாஷையில் சொல்லிவிடுவேன்.
இதனிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தது.

படத்தில் பார்த்துத்தான் திடுக்கிட்டேன்.
துடுப்பு என்று நினைத்ததற்குள்
ஐந்து விரல்.
மோதிரம் போடலாம் போல நீண்ட விரல்கள்,
ஒரே உறைக்குள் வைத்துத் தைத்தவை.
மேலே, தோளை ஒட்டி,
படகின் விசிறி வெட்டிய இடத்தில்
தடித்த புஜத்தெலும்பு இரண்டாக,
பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி
முகம் திருப்பிக் கிடந்தது.

பதிவேட்டில் எதையும் காலியாக விடக்கூடாது.
பெயர்: ஆமை.
வயது: டாக்டரைப் பார்த்தேன். "இருபது போடுங்க."
த/பெ: ஒரு கோடு.
ஊர்: கடல்.
வனத்துறை ஆள் வந்து
சிறுத்தை, மலைப்பாம்பு, மான் எல்லாம் அச்சடித்த படிவத்தில்
'இதர' என்ற வரியில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு பையனின் முன்கைக்கென்று எடுத்து
கடைசி நேரத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய தகடு.
எட்டுத் துளை.
ஏழு திருகு பிடித்தது; எட்டாவது வழுக்கியது, விட்டுவிட்டார்.
மயக்கத்தில் அது மூச்சையே மறந்துவிடும் என்பதால்
பலூனை நான் அமுக்கினேன்,
நிமிஷத்துக்கு இரண்டு.
தையல் முடிந்தும் அமுக்கினேன்.
பாகாயம் கடைசி பஸ் போயும் அமுக்கினேன்.
கை மரத்து, எண்ணிக்கை தப்பி,
இதயம் மட்டும் எங்கோ அடியில்
நிதானமாக ஓடிக்கொண்டிருக்க,
திடீரென்று
லாரி டயரில் காற்று பிடுங்கின மாதிரி ஒரு சத்தம்.
அறை முழுக்கப் பாசி நாற்றம்.
தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்திருந்த முனிரத்தினம்
"யம்மா" என்றார்.

சத்துவாச்சாரியில் டாக்டர் வீட்டுக் காம்பவுண்டில்
சிமெண்ட் தொட்டி.
ஆயிரம் லிட்டருக்கு முப்பத்தைந்து கிலோ.
மரக்காணத்து உப்பு மூட்டை இறங்கும்போது
பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், "ஊறுகாய் பிசினஸா?"
பாலாற்று மணலுக்கடியில் உறிஞ்சிய லாரித் தண்ணீரை
வாராவாரம் கடலாக்கினோம்,
வாராவாரம் கொட்டினோம்.
கறிவேப்பிலை மரம் பட்டுப்போனது.
அதைப் பற்றி டாக்டர் பேசுவதில்லை.

குளிர்ந்த ரத்தம்.
எலும்புக்கும் அவசரம் கிடையாது.
முதல் மாதப் படத்தில் கறுப்புக் கோடு.
மூன்றாம் மாதம், சித்திரை கடந்து
ஊரே தோசைக்கல்லாகக் காய்ந்தபோதும்
அதே கோடு.
ஐந்தாவதில் டாக்டர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
ஏழாவதில்
கோட்டின் ஓரமாக, கண்ணாடியில் யாரோ
மூச்சு விட்டதுபோல் ஒரு வெண்மை.
புறங்கையால் துடைத்துப் பார்த்தேன்.
போகவில்லை.

மார்கழியில் ஒருநாள் விடியுமுன்
ஈரச்சாக்கு மூடி, வேனில் கிழக்கே போனது.
நான் போகவில்லை,
அன்றைக்கு இருபத்தெட்டு டோக்கன்.
தகடு உள்ளேயேதான் இருக்கிறது,
யாரோ ஒரு பையனின் அளவில்,
ஏழு திருகோடு.

சாயந்திரம் முனிரத்தினம் வந்தார்.
பதினொரு படத்துக்கும் நானே தருவேன் என்று சொல்லியிருந்தார்;
செதில் ஒட்டிய நோட்டுகளை எண்ணி வைத்தார்.
அறுநூற்றைம்பது குறைந்தது.
"அடுத்த லோடுல தந்துடறேன் மேடம்."
"அடுத்த லோடா?" என்றேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டார்.